பண்டைய ரோமில் தேர்ப் பந்தயம் எவ்வளவு பெரிய பொழுதுபோக்கு?

கேள்வி இதுதான்: ரோமானியர்களின் பொழுதுபோக்கு என்றாலே எல்லோரும் கிளாடியேட்டர் சண்டையைத்தான் சொல்கிறார்கள். தேர்ப் பந்தயமும் அதற்கு இணையாக இருந்ததா? அது எப்படி நடந்தது? தேரோட்டிகள் நிஜமாகவே கோடீஸ்வரர்களா?

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். இணை என்று சொல்வதே குறைவு. தேர்ப் பந்தயம் அதைவிடப் பல மடங்கு பெரியது. கி.பி. 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமானிய நாட்காட்டி ஒன்றின் விவரம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டில் பொது விளையாட்டுகளுக்கென்று 177 நாட்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதில் 101 நாட்கள் நாடகங்களுக்கு, 66 நாட்கள் தேர்ப் பந்தயத்துக்கு. கிளாடியேட்டர் சண்டைக்கு வெறும் 10 நாட்கள். இடவசதியிலும் அதே கதைதான். கிளாடியேட்டர் அரங்கான கொலோசியத்தில் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் உட்காரலாம். சர்க்கஸ் மாக்சிமஸ் என்ற பந்தயத் திடலில் ஒன்றரை லட்சம் பேர் என்கிறார் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து வரலாற்றாசிரியர் டயோனிசியஸ். அடுத்த நூற்றாண்டில் மூத்த பிளினி இரண்டரை லட்சம் என்கிறார். பிளினியின் கணக்கு கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே இடத்தில் ஒன்றரை லட்சம் பேர் என்பது இன்றைய பெரிய கிரிக்கெட் மைதானங்களையே மிஞ்சுகிற கூட்டம். கொலோசியம் இன்றும் நிற்கிறது, சர்க்கஸ் மாக்சிமஸ் புல்வெளியாகிவிட்டது. நம் நினைவு கட்டடத்தின் பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான்.

திடலைப் பற்றிச் சொல்கிறேன். ரோமில் பாலட்டைன் குன்றுக்கும் அவென்டைன் குன்றுக்கும் நடுவே ஒரு நீளமான பள்ளத்தாக்கு. இரண்டு பக்கச் சரிவுகளும் இயற்கையாகவே பார்வையாளர் மாடம் போல அமைந்திருக்கின்றன. மன்னராட்சிக் காலத்தில், கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே, தார்க்வின் மன்னர் அங்கே பந்தயம் நடத்தினார் என்பது ரோமானியர்களின் மரபுக் கதை. பல நூற்றாண்டுகள் அது மர இருக்கைகளோடுதான் இருந்தது. ஜூலியஸ் சீசர் அதை நீட்டிப் பெரிதாக்கினார், அகஸ்டஸ் அலங்கரித்தார், டிராஜன் கி.பி. 103 வாக்கில் கல்லிலும் கான்கிரீட்டிலும் முழுமையாகக் கட்டி முடித்தார். நீளம் 600 மீட்டருக்கு மேல், அகலம் 120 மீட்டர் அளவு. வெளிச்சுற்றில் கடைகள் வரிசையாக இருந்தன. கி.பி. 64-இல் நீரோ காலத்தில் ரோமை எரித்த பெருந்தீ இந்தக் கடைகளில்தான் பிடித்தது.

நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்புச்சுவர். அதன் இரண்டு முனைகளிலும் மூன்று மூன்று கூம்புத் தூண்கள். அவற்றைச் சுற்றித்தான் தேர்கள் திரும்ப வேண்டும். சுவரின் மேல் சிலைகள், சிறு கோயில்கள், நீர்த்தொட்டிகள். கி.மு. 10-இல் அகஸ்டஸ் எகிப்தின் ஹீலியோபோலிஸ் நகரிலிருந்து ஒரே கல்லால் ஆன உயரமான தூணைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார். சுற்றுகளை எண்ணுவதற்காகச் சுவரின் மேல் ஏழு மர முட்டைகள் இருந்தன. கி.மு. 33-இல் அக்ரிப்பா ஏழு வெண்கல டால்ஃபின்களையும் சேர்த்தார். பந்தயத்துக்கு ஏழு சுற்று, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர். எந்தச் சுற்று ஓடுகிறது என்பது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்று யோசித்து இதையெல்லாம் செய்திருக்கிறார்கள்.

பந்தய நாள் ஒரு சமய ஊர்வலத்தோடு தொடங்கும். கேப்பிட்டோலைன் குன்றிலிருந்து ஃபோரம் என்ற நகரச் சதுக்கம் வழியாகத் தேரோட்டிகள், நடனக்காரர்கள், இசைக்காரர்கள், பிறகு தெய்வங்களின் சிலைகளும் அடையாளங்களும் ஏறிய வண்டிகள் திடலுக்குள் வரும். தெய்வங்களுக்கும் அங்கே இருக்கை உண்டு. இந்த விளையாட்டுகள் ஆரம்பத்தில் தெய்வங்களுக்கான நேர்த்திக்கடன் என்பதை ரோமானியர்கள் கடைசிவரை விடவில்லை. அனுமதி பொதுவாக இலவசம். அரசு அதிகாரிகள் அல்லது பேரரசரே செலவை ஏற்றார்கள். முன்வரிசை செனட்டர்களுக்கு. நாடக அரங்கில் பெண்களை அகஸ்டஸ் பின்வரிசைக்கு அனுப்பினார். ஆனால் தேர்ப் பந்தயத்தில் ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கியடித்து உட்காரலாம். காதல் தொடங்க இதைவிட நல்ல இடம் ரோமில் இல்லை என்று கவிஞர் ஓவிட் விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு நாளைக்கு எத்தனை பந்தயம்? ஆரம்பத்தில் பத்து, பன்னிரண்டு. கலிகுலா காலத்துக்குப் பிறகு 24 வரை போய்விட்டது, அதாவது விடியலில் தொடங்கி இருட்டும் வரை. பேரரசர் டொமிஷியன் ஒரு விழாவில் ஒரே நாளில் நூறு பந்தயம் ஓட்டுவதற்காக ஏழு சுற்றை ஐந்தாகக் குறைத்தார் என்கிறார் பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ்.

இப்போது பந்தயத்துக்கு வருவோம். திடலின் ஒரு முனையில் பன்னிரண்டு தொடக்கக் கூண்டுகள். அவற்றை நேர்வரிசையில் வைக்காமல் சற்று வளைத்துச் சாய்வாக அமைத்தார்கள். எந்தக் கூண்டிலிருந்து புறப்பட்டாலும் நடுச்சுவரின் தொடக்கத்துக்குத் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. யாருக்கு எந்தக் கூண்டு என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். விளையாட்டை நடத்தும் அதிகாரி கூண்டுகளுக்கு மேலே இருந்து ஒரு வெள்ளைத் துணியைக் கீழே போடுவார். பன்னிரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் படாரென்று திறக்கும். தரையில் போட்ட வெள்ளைக்கோட்டைத் தாண்டும்வரை அவரவர் பாதையில் ஓட வேண்டும். அப்புறம் உள்பக்கத்தைப் பிடிக்க முட்டிமோதல்தான்.

தேர் என்றதும் படைத்தலைவர்கள் வெற்றி ஊர்வலம் வருகிற கனமான வண்டியை நினைக்கக்கூடாது. திரைப்படங்களில் வருவது பெரும்பாலும் அதுதான். பந்தயத் தேர் என்பது மரச்சட்டமும் தோலும் சேர்ந்த ஒரு சின்னக் கூடு, சிறிய சக்கரங்கள், ஒரு ஆள் நிற்க மட்டும் இடம். எடை குறைவு என்பதால் வேகம் வரும். அதே காரணத்தால் ஒரு சின்ன இடறலுக்கே துள்ளும். சக்கரத்தில் கத்தி கட்டியதெல்லாம் திரைக்கதை.

நான்கு குதிரைத் தேர்தான் முதன்மை. நடு இரண்டு குதிரைகள் நுகத்தில் பூட்டப்பட்டிருக்கும். ஓரக் குதிரைகள் இரண்டும் வெறும் வாரில் ஓடும். ஓட்டம் இடஞ்சுழி, அதாவது எப்போதும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். அதனால் இடது ஓரக் குதிரைதான் தேரின் உயிர். கூம்புத் தூணை நெருங்கும்போது அது வேகத்தைச் சரியாக அடக்கி, ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். அதே நொடியில் வலது ஓரக் குதிரை வெளிவட்டத்தில் முழுவேகத்தில் பாய வேண்டும். தூணை ஒட்டித் திரும்பினால் தூரம் மிச்சம். ஒரு விரற்கடை தவறினால் சக்கர அச்சு கல்லில் மோதும். பயந்து அகலமாகத் திரும்பினால் பின்னால் வருபவன் உள்ளே நுழைந்துவிடுவான். ஏழு சுற்றில் இப்படிப் பதின்மூன்று திருப்பங்கள். பந்தயத்தைத் தீர்மானித்தது இந்தத் திருப்பங்கள்தான்.

ரோமானியத் தேரோட்டிக்கும் கிரேக்கத் தேரோட்டிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கிரேக்கர்கள் கடிவாள வார்களைக் கையில் பிடித்தார்கள். ரோமானியர்கள் அவற்றை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். நான்கு குதிரைகளையும் உடம்பின் எடையால், இப்படியும் அப்படியும் சாய்ந்தே திருப்பினார்கள். கையில் சாட்டை. மார்பிலும் வயிற்றிலும் குறுக்கும் நெடுக்குமாகத் தோல்பட்டைகள், தலையில் தோல் கவசம், காலில் பட்டை. இப்படிக் கட்டிக்கொள்வதில் பிடிமானம் அதிகம், ஆபத்தும் அதிகம். தேர் உடைந்தால் ஓட்டுபவன் கீழே விழுந்து தப்பிக்க முடியாது. குதிரைகள் அவனை இழுத்துக்கொண்டே ஓடும், பின்னால் மற்ற தேர்கள் வரும். அதற்காகத்தான் மார்புப் பட்டையில் ஒரு வளைந்த கத்தியைச் செருகியிருப்பான். இழுபடும்போதே அதை உருவி வார்களை அறுக்க வேண்டும். எத்தனை பேருக்கு அதற்கு நேரம் கிடைத்திருக்கும்? தேர் நொறுங்குவதை ரோமானியர்கள் கப்பல் உடைவதற்கான சொல்லாலேயே குறித்தார்கள். திடலில் சிதறிக் கிடக்கும் மரத்துண்டுகளை நினைத்தால் அது பொருத்தமாகவே இருக்கிறது.

அடிபட்டவர்களுக்கு மருத்துவம் பற்றி மூத்த பிளினி எழுதுகிறார்: சக்கரத்தில் நசுங்கிய காயங்களுக்குக் காட்டுப்பன்றிச் சாணத்தைப் பூசினார்கள், உள்ளுக்கும் கொடுத்தார்கள். தானும் ஒரு தேரோட்டிதான் என்று காட்டிக்கொள்ள நீரோவும் அதைத் தண்ணீரில் கலந்து குடித்தாராம். அதே நீரோ கி.பி. 67-இல் ஒலிம்பியாவில் பத்துக் குதிரைத் தேரை ஓட்டி, கீழே விழுந்து, மறுபடி ஏற்றிவிடப்பட்டு, அப்படியும் முடிக்க முடியாமல் விலகினார். மகுடம் அவருக்கே சூட்டப்பட்டது.

யார் இந்தத் தேரோட்டிகள்? பெரும்பாலும் அடிமைகள், அல்லது விடுதலை பெற்ற அடிமைகள். சட்டத்தின் கண்ணில் இது மரியாதையற்ற தொழில். ஆனால் தெருவில் அவர்களுக்கு இருந்த புகழ் செனட்டர்களுக்குக் கிடையாது. சிறுவயதிலேயே ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். கிரெசென்ஸ் என்ற வட ஆப்பிரிக்க மூர் இனத்து இளைஞனின் கல்வெட்டு ரோமில் கிடைத்தது. நீல அணிக்காரன் (வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று நான்கு வண்ண அணிகள் போட்டியிட்டன, அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்). அதில் இருக்கும் ஆண்டுகளைக் கணக்கிட்டால், நான்கு குதிரைத் தேரில் முதல் வெற்றி பெற்றது கி.பி. 115-இல், பதின்மூன்று வயதில். அன்றைய கடைசிப் பந்தயமான 24-ஆவது பந்தயம் என்பதோடு, அந்த நான்கு குதிரைகளின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. 22 வயதுக்குள் 686 முறை ஓடி 47 முறை வென்றிருக்கிறான், பரிசுப்பணம் 15,58,346 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). அந்தக் கல்வெட்டுக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இன்னொரு கல்வெட்டு ஃபுளோரஸ் என்ற பையனுடையது. இரண்டு குதிரைத் தேர் ஓட்டியவன், குழந்தை என்றே கல் சொல்கிறது. வேகமாகத் தேரோட்ட ஆசைப்பட்டு வேகமாகவே இறந்தவர்களின் உலகுக்குப் போய்விட்டான் என்று அவனை வளர்த்த ஜனுவாரியஸ் பொறித்து வைத்திருக்கிறார். பாலினைசிஸ் என்பவர் பிறப்பால் அடிமை. 739 வெற்றிகள், 29 வயதில் மரணம். பச்சை அணியின் பெரும்புகழ் பெற்ற ஸ்கார்ப்பஸ் 2,048 வெற்றிகளோடு 27 வயதை ஒட்டி இறந்தார். வெற்றிகளை எண்ணிப் பார்த்த விதி தேவதை அவரைக் கிழவர் என்று நினைத்துவிட்டாள் என்பது கவிஞர் மார்ஷியல் எழுதிய இரங்கல்.

இந்தப் பட்டியலில் ஒருவர் மட்டும் தனியாக நிற்கிறார்: கையஸ் அப்புலேயஸ் டயக்ளீஸ். இன்றைய போர்ச்சுகல் பக்கம் இருந்த லூசிடானியாவில் பிறந்தவர். கி.பி. 122-இல், 18 வயதில் வெள்ளை அணிக்கு ஓட்டத் தொடங்கினார். 128-இல் பச்சைக்கு மாறினார், 131-இல் சிவப்புக்கு. 24 ஆண்டுகள் ஓட்டி, 42 வயது 7 மாதம் 23 நாளில் உயிரோடு ஓய்வு பெற்றார். அந்தத் தொழிலில் இதுவே ஒரு சாதனை. 4,257 பந்தயங்கள், 1,462 வெற்றிகள், 3,58,63,120 செஸ்டர்ஸ் பரிசுப்பணம்.

அவருடைய கல்வெட்டு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு விளையாட்டு வீரரின் புள்ளிவிவரம் இவ்வளவு நுணுக்கமாகப் பழங்காலத்திலிருந்து வேறெங்கும் கிடைக்கவில்லை. தொடக்கத்திலேயே முன்னிலை பிடித்து வென்றது 815 முறை. பின்தங்கி வந்து வென்றது 67. கடைசிக் கட்டத்தில் பறித்து வென்றது 502, அதிலும் பச்சையிடமிருந்து 216, நீலத்திடமிருந்து 205, வெள்ளையிடமிருந்து 81. கூட்டிப் பார்த்தால் சரியாக 502 வருகிறது. இப்படி எழுதி வைத்தால் அதைப் படித்து விவாதிக்க ஆள் இருந்தார்கள் என்று அர்த்தம். எண்ணிக்கையில் அவர் முதலிடமும் இல்லை. மஸ்கோசஸ் என்ற பச்சை அணிக்காரர் 3,559 வென்றதாக அதே கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. ஆனால் பெரிய பரிசுப் பந்தயங்களில் தானே முன்னால் என்று டயக்ளீஸ் தரப்பு விளக்குகிறது.

சரி, பணத்தின் மதிப்பு என்ன? டயக்ளீஸ்தான் வரலாற்றிலேயே அதிகம் சம்பாதித்த விளையாட்டு வீரர், இன்றைய மதிப்பில் 1,500 கோடி டாலர் என்று ஒரு கணக்கு இணையத்தில் சுற்றுகிறது. இதை நான் ஏற்க மாட்டேன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பொருளாதாரத்தை டாலராக மாற்ற நம்பகமான வழி கிடையாது. அந்தக் காலத்துச் சம்பளத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம். ரோமானியப் படைவீரனுக்கு அப்போது ஆண்டுக்கு 1,200 செஸ்டர்ஸ். டயக்ளீஸின் தொகையை அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 30 ஆயிரம் வீரர்களின் ஓராண்டுச் சம்பளம் வருகிறது. படைப்பிரிவுக் கணக்கில் ஆறு. அதற்குமேல் உயர்வாகச் சொல்ல எதுவும் தேவையில்லை. ஆனால் அவர் ஒருவர். கோடீஸ்வரர்களா என்று கேட்டால், சிலர் ஆம், பெரும்பாலோர் ஃபுளோரஸ்கள்.

குதிரைகளுக்கும் இதே புகழ். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, சிசிலி, கப்படோசியா ஆகிய இடங்களிலிருந்து வந்தன. ஐந்து வயதுக்கு முன் பந்தயத்தில் இறக்க மாட்டார்கள். நூறு வெற்றி கண்ட குதிரைக்குத் தனிப் பட்டம் உண்டு. டயக்ளீஸ் ஒன்பது குதிரைகளை நூறு வெற்றிக்கும், ஒன்றை இருநூறு வெற்றிக்கும் கொண்டுபோனார். கலிகுலா தன் இன்சிட்டாட்டஸ் குதிரைக்குப் பளிங்குக் கொட்டிலும் தந்தத் தொட்டியும் கொடுத்தார், பந்தயத்துக்கு முந்தைய நாள் அதன் தூக்கம் கெடாமல் இருக்க அக்கம்பக்கத்தில் படைவீரர்களை அனுப்பிச் சத்தத்தை அடக்கினார் என்கிறார் சூட்டோனியஸ். அதைக் கான்சல் என்ற உயர்பதவியில் அமர்த்தினார் என்று பலர் சொல்வது சரியில்லை. ஆக்கப்போவதாகப் பேச்சு இருந்தது என்பது மட்டுமே பழைய நூல்களில் உள்ளது. என் மனதில் நிற்பது வேறொரு குதிரை. அல்ஜீரியாவில் ஒரு பண்ணை வீட்டுக் குளியல் அறையின் தரைச் சித்திரத்தில் பாலிடாக்சஸ் என்ற குதிரை இருக்கிறது. அதன் பக்கத்தில், நீ ஜெயித்தாலும் ஜெயிக்காவிட்டாலும் உன்னை நேசிக்கிறோம் என்று எழுதியிருக்கிறது.

கி.பி. 47-இல் கிளாடியஸ் நடத்திய விழாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெள்ளை அணியின் கோராக்ஸ் கூண்டிலிருந்து புறப்படும்போதே தேரிலிருந்து தூக்கியெறியப்பட்டார். குதிரைகள் நிற்கவில்லை. ஓட்டுநர் இல்லாமலே முன்னிலை பிடித்து, போட்டித் தேர்களை மறித்து, ஏழு சுற்றும் ஓடி வென்றன. வெற்றி செல்லும் என்றே அறிவித்தார்கள்.

இப்போது அணிகள். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று நான்கு. வெள்ளையும் சிவப்பும் பழையவை. பேரரசுக் காலத்தில் பச்சையும் நீலமும் மற்ற இரண்டையும் அமுக்கிவிட்டன. டொமிஷியன் தங்கம், ஊதா என்று இரண்டு புதிய அணிகளைச் சேர்த்தார், நிலைக்கவில்லை. இவை வெறும் ரசிகர் கூட்டங்கள் அல்ல, முழு நிறுவனங்கள். செல்வந்த முதலாளிகள் நடத்தினார்கள். குதிரைகள், தேர்கள், ஓட்டுநர்கள் எல்லாம் அவர்கள் சொத்து. விளையாட்டு நடத்தும் அதிகாரி அவர்களிடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். திபர் ஆற்றை ஒட்டிய சமவெளியில் ஒவ்வோர் அணிக்கும் தனித்தனிக் கொட்டில்கள். பணியாளர் பட்டியலைப் பார்த்தால் மருத்துவர், பயிற்சியாளர், சேணக்காரர், செருப்புத் தைப்பவர், தையற்காரர், ஓடும் குதிரைகள் மேல் தண்ணீர் தெளிப்பவர், பக்கத்தில் குதிரையில் ஓடிக் குரல் கொடுத்து உற்சாகப்படுத்துபவர் வரை நீள்கிறது. ஓர் அணிக்குப் பந்தயத்தில் மூன்று தேர்கள் வரை இருக்கும். அவற்றில் ஒன்று ஜெயிக்க மற்ற இரண்டும் எதிரிகளை மறிக்கும்.

முதலாளிகளின் பிடி எவ்வளவு இறுகியது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். நீரோ ஆட்சியின் தொடக்கத்தில் அணிகள் கேட்ட கட்டணம் அதிகம் என்று ஃபேப்ரிசியஸ் என்ற அதிகாரி கோபப்பட்டார். குதிரைகளே வேண்டாம் என்று நாய்களைப் பழக்கித் தேரில் பூட்டிவிட்டார். அதைப் பார்த்து வெள்ளையும் சிவப்பும் இறங்கி வந்தன. பச்சையும் நீலமும் அசையவில்லை. கடைசியில் நீரோவே பரிசுப்பணத்தை ஏற்றுக்கொண்டபிறகுதான் அவை வந்தன. வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ரசிகர்களின் விசுவாசம் யாரிடம்? ஓட்டுநரிடம் அல்ல, வண்ணத்திடம். இளைய பிளினி இதைப் பார்த்து வருத்தப்படுகிறார். வேகத்துக்காகவோ திறமைக்காகவோ கத்தினால்கூடப் புரிந்துகொள்ளலாம், இவர்கள் ஒரு துணிக்காகக் கத்துகிறார்கள், ஓட்டத்தின் நடுவே சட்டைகளை மாற்றிப் போட்டால் தங்கள் அன்பையும் மாற்றிக்கொள்வார்கள் என்பது அவர் கருத்து. அதில் உண்மை இருக்கிறது. ஐபிஎல் ஏலத்தில் வீரர் வேறு அணிக்குப் போனாலும் ரசிகர் மஞ்சளை விட்டுப் போகாதது போலத்தான். ஆனால் பிளினி ஒன்றைத் தவறவிட்டார் என்று நினைக்கிறேன். பத்து லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த நகரத்தில், குடும்பமும் சொத்தும் இல்லாத ஒருவனுக்கு நான் பச்சைக்காரன் என்பது ஒரு முகவரி. அடிமையும் பேரரசரும் ஒரே வண்ணத்துக்காகக் கத்த முடிந்த இடம் அது ஒன்றுதான்.

அந்தப் பற்று எல்லை மீறியதற்கும் சான்றுகள் உண்டு. சிவப்பு அணியின் ஃபெலிக்ஸ் இறந்தபோது அவர் சிதையில் ஒரு ரசிகர் பாய்ந்து உயிரைவிட்டார். ஃபெலிக்ஸுக்கு அந்தப் பெருமை போகக்கூடாது என்று எதிரணியினர், அவன் வாசனைப் பொருட்களின் நெடியில் மயங்கி விழுந்தான் என்று சொல்லிப் பரப்பினார்கள். சொந்தமாகத் தேர்கள் வைத்திருந்த சீசினா என்ற வொலாட்டெரா ஊர்க்காரர், ஊரிலிருந்து பிடித்துவந்த தகைவிலான் குருவிகளின் உடம்பில் வென்ற அணியின் வண்ணத்தைப் பூசிப் பறக்கவிடுவார். குருவிகள் கூட்டுக்குத் திரும்பும்போது முடிவு ஊருக்குப் போய்விடும்.

அப்புறம் செய்வினை. ஈயத் தகட்டில் சாபம் எழுதி, சுருட்டி, கல்லறையில் புதைப்பார்கள். துனிசியாவின் சூஸ் நகரில், அன்றைய ஹட்ருமேட்டத்தில், கிடைத்த ஒரு தகடு பச்சை, வெள்ளை அணிகளின் குதிரைகளை வதைத்துக் கொல்லும்படி ஒரு பேயிடம் கேட்கிறது. கிளாரஸ், ஃபெலிக்ஸ், பிரிமுலஸ், ரோமானஸ் என்று ஓட்டுநர்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லி, அவர்கள் நொறுங்க வேண்டும், மூச்சு நிற்க வேண்டும் என்கிறது. இது விளையாட்டாகச் செய்த காரியமில்லை. நான்காம் நூற்றாண்டில் ஹிலரினஸ் என்ற தேரோட்டி, தன் மகனை மந்திரவாதியிடம் பழகவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்றார்.

மக்களை மயக்கி வைக்கப் பேரரசர்கள் செய்த தந்திரம்தானே இது என்று பலர் கேட்பார்கள். பாதிதான் உண்மை. பேரரசரின் மாளிகை பாலட்டைன் குன்றின்மேல், திடலைப் பார்த்தபடி. அவர் பந்தயத்துக்கு வந்தே ஆக வேண்டும், வந்தால் ஒன்றரை லட்சம் பேரின் குரலைக் கேட்டே ஆக வேண்டும். வாக்குரிமை பொருளிழந்துபோன காலத்தில் மக்கள் ஆட்சியாளரிடம் நேருக்கு நேர் பேசிய இடம் இது. கலிகுலாவிடம் வரியைக் குறைக்கச் சொல்லிப் பந்தயத்தில் கூட்டம் கெஞ்சியது. கத்தியவர்களைப் பிடித்துக் கொல்லச் சொன்னார், சில நாட்களில் அவரே கொல்லப்பட்டார். கி.பி. 190-இல் தானியத் தட்டுப்பாட்டின்போது, ஏழாவது பந்தயம் தொடங்கவிருந்த நேரத்தில் ஒரு சிறுவர் கூட்டம் திடலுக்குள் ஓடிவந்து கொமோடஸின் வலதுகையான கிளியாண்டருக்கு எதிராகக் கோஷமிட்டது. மக்கள் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் பேரரசர் இருந்த இடம்வரை போனது, கொமோடஸ் பயந்து கிளியாண்டரைக் கொன்றுவிட்டார். 196-இல் உள்நாட்டுப் போருக்கு எதிராக எழுந்த ஒருமித்த முழக்கத்தை டியோ நேரில் நின்று கேட்டிருக்கிறார். பொழுதுபோக்கு மட்டும் என்றால் இதெல்லாம் நடந்திருக்காது.

கதை ரோமோடு முடியவில்லை. தலைநகரம் கான்ஸ்டான்டினோப்பிளுக்குப் போனபோது பந்தயமும் கூடவே போனது. அங்கே நீலமும் பச்சையும் இன்னும் பலம் பெற்றன. பேரரசி தியோடோராவின் தந்தை பச்சை அணியில் கரடி பராமரித்தவர். அவர் இறந்தபின் பச்சை கைவிட்ட குடும்பத்துக்கு நீலம் இடம் கொடுத்தது, தியோடோரா கடைசிவரை நீலத்தின் பக்கம். கி.பி. 532 ஜனவரியில், தூக்குமேடையிலிருந்து தப்பிய ஒரு நீலக்காரரையும் ஒரு பச்சைக்காரரையும் மன்னிக்கப் பேரரசர் ஜஸ்டினியன் மறுத்ததால் இரண்டு அணிகளும் கைகோர்த்தன. வெற்றி கொள் என்ற பந்தய முழக்கமே கலகத்தின் முழக்கம் ஆனது. நகரின் நடுப்பகுதி எரிந்தது. ஹைபேஷியஸ் என்பவரைப் புதிய பேரரசராகக் கூட்டம் அறிவித்தது. கடைசியில் பெலிசாரியஸும் முண்டஸும் படையோடு திடலுக்குள் புகுந்தார்கள். 30 ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ். எரிந்த தேவாலயம் இருந்த இடத்தில் ஜஸ்டினியன் கட்டியதுதான் இன்றைய ஹாகியா சோஃபியா. பந்தயத்தால் இவ்வளவு சாவு வேறெப்போதும் நடந்ததில்லை.

ரோமில் கடைசிப் பந்தயம் கி.பி. 549-இல், நகரைப் பிடித்திருந்த கோத் மன்னர் டோட்டிலா நடத்தியது. நகரம் சுருங்கி, செலவு செய்ய ஆளும் உட்காரக் கூட்டமும் இல்லாமல் போனதுதான் காரணம். தடைபோட்டு யாரும் நிறுத்தவில்லை.

இவற்றை நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: சர்க்கஸ் மாக்சிமஸில் இன்று நீளமான புல்வெளியும், ஒரு முனையில் கொஞ்சம் கட்டட மிச்சமும்தான். அகஸ்டஸ் நிறுத்திய எகிப்தியத் தூண் ரோமிலேயே போப்போலோ சதுக்கத்தில் நிற்கிறது, 357-இல் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் கொண்டுவந்த இன்னும் உயரமான தூண் லேட்டரன் தேவாலயத்தின் முன்னால் இருக்கிறது. திடலின் வடிவத்தைப் புரிந்துகொள்ள ஆப்பியன் சாலையில் உள்ள மாக்சென்டியஸ் திடலுக்குப் போகலாம். அது அளவில் சிறியது. ஆனால் தொடக்கக் கூண்டுகள், நடுச்சுவர், திரும்பும் முனை எல்லாவற்றின் அடித்தளமும் தெரியும். ஸ்பெயினில் மேரிடா நகரத் திடலும் நன்றாக இருக்கிறது. பந்தயக் காட்சியே வேண்டுமென்றால் சிசிலியின் பியாட்சா அர்மெரினா மாளிகைத் தரைச் சித்திரம், பிரான்சில் லியோன் அருங்காட்சியகச் சித்திரம் இரண்டும் போதும். லியோன் சித்திரத்தில் உடைந்து கிடக்கும் தேர்கள், தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் பணியாள், சுற்று எண்ணும் முட்டைகள், டால்ஃபின்கள் எல்லாம் இருக்கின்றன.